பெயர் வாசித்த நேரம்

சங்கத்தின் நிகழ்ச்சிப் புத்தகத்தில் என் கையெழுத்தில் இருக்கும் பதிவு இது: "சனிக்கிழமை, மாலை 4.50. நாளைய பூசைத்தாள் அச்சுக்குக் கொடுக்கப்பட்டது. பிரதிகள் நூற்றிருபது. இவ்வாண்டு நினைவுகூரப்படும் அங்கத்தவர்கள் நால்வர்."

நேரம் சரி. பிரதிகளின் எண்ணிக்கை சரி. நால்வர் என்பது தவறு. அன்று மாலை 4.50க்கு மூவர்தான் இறந்திருந்தார்கள். நான்காவது பெயர் என் அண்ணனுடையது. அப்போது அவர் கண்டிப் பெரியாஸ்பத்திரியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

இது போன வருட மார்ச் மாதம் நடந்தது. இந்த வருடப் பூசையும் நெருங்கிவிட்டதால், தெரிந்ததைத் தெரிந்த வரிசையில் எழுதிவைக்கிறேன்.

நான் கண்டியில் ஒரு மரக்காலையில் கிளாக்கர். லொறியில் வந்திறங்கும் பலகைகளை அளந்து நீளம், அகலம், கனம் எழுதுவது என் வேலை. ஆணி அடிக்கச் சொன்னால் விரலில்தான் அடிப்பேன். ஆனாலும் தச்சர் சங்கத்துக்குப் பல வருடங்களாக நான்தான் செயலாளர். பாஸ்மார், அதாவது தச்சர்கள், எல்லோரும் மரத்தில் எழுதுவார்கள், தாளில் எழுத அவர்களுக்குப் பொறுமை கிடையாது. அண்ணன் பாஸ். நல்ல பாஸ். சங்கத்தில் என்னைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

இயேசுவை வளர்த்த சூசையப்பர் தச்சர் என்பதால் சங்கத்துக்கு வருடம் ஒரு பூசை உண்டு. மார்ச் பத்தொன்பது அவருடைய திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறு எங்களுடையது. கத்தோலிக்கக் கோவில் அம்பிட்டியப் பாதையில் ஓர் ஏற்றத்தில் இருக்கிறது. இந்த வழக்கம் எந்த ஆண்டு தொடங்கியது என்று நான் தேடியிருக்கிறேன். மிகப் பழைய புத்தகத்தின் முதல் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது, மிஞ்சியிருக்கும் முதல் பக்கத்திலேயே "வழமைபோல்" என்று எழுதியிருக்கிறது. அங்கத்தவர்களில் பாதிக்கு மேல் இந்துக்கள். அண்ணனும் நானும் கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியவர்கள். பூசையில் எங்கே எழும்ப வேண்டும், எங்கே முழங்காலிட வேண்டும் என்பதை முன் வாங்கில் இருப்பவர்களைப் பார்த்துச் செய்வோம். யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

காலையில் கோவிலின் நடுப்பாதை முழுவதும் மரச்சுருள் பரப்புவோம். சீவுளியால் இழைக்கும்போது சுருண்டு விழுமே, அதுதான். அதன்மேல் ஊர்வலம் போகும். முன்னால் ஒரு மூலைமட்டம், பட்டுத் தலையணையில் வைத்து. பின்னால் ஒரு பலாக்கட்டையை இருவர் தூக்கி வருவார்கள். அந்தக் கட்டையைத் தந்தது எங்கள் மரக்காலை முதலாளியின் வாப்பா. முதலாளி அலவத்துகொடையைச் சேர்ந்தவர், எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பூசை முடியும்வரை வாசலுக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார்.

எல்லோரும் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கி முடித்த பிறகு, கடைசி ஆசீருக்கு முன், செயலாளர் எழும்பிப்போய் அந்த வருடம் இறந்த அங்கத்தவர்களின் பெயர்களை வாசிப்பார். ஒரு பெயருக்கு ஓர் அடி. தலைவர் கொட்டாப்புளியை, தச்சரின் மரச்சுத்தியலை, எடுத்துப் பலாக்கட்டையில் அடிப்பார், மரத்தில் மரம் மோதும் சத்தம் கேட்கும். பிறகு இறந்தவரின் வீட்டார் ஒருவர் அவர் கடைசியாக வைத்திருந்த பென்சிலைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் உள்ள தட்டில் வைப்பார். பாஸ்மார் காதில் செருகும் தட்டைப் பென்சில். கட்டையில் அடி விழுந்த இடம் சற்றுப் பள்ளமாகும். ஓர் ஆளுக்கு ஒரு பள்ளம். இரண்டாவது அடி யாருக்கும் விழுந்ததில்லை.

பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில் தேநீரும் ரோல்ஸும். அதோடு ஒரு போட்டி. எல்லோருக்கும் ஒரே பலகை, ஒரே சீவுளி. அறுந்துபோகாமல் மிக நீளமான சுருளை எடுப்பவர் வென்றவர். அண்ணன் அடிக்கடி வெல்வார். தோற்றவர்களைச் சும்மா விடமாட்டார்.

"என்ன பாஸ், இது சுருளா? தேங்காய் திருவுன மாதிரி இருக்கு."

"ஒனக்கென்ன, நல்ல பக்கம் கெடச்சிருச்சு."

"பலகைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் ராசா. புடிக்கிற கைதான் வேற."

அப்படியொரு தேநீர் வேளையில் நடந்த பேச்சுத்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லலாம். அதற்கு முந்திய வருடம் பொலிஷ் வேலை செய்த அங்கத்தவர் ஒருவர் பூசைக்கு முதல் நாள் இரவு இறந்துபோனார். பெயர்ப்பட்டியல் முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு மூடும், பூசைத்தாள் அதற்குள் அச்சாகிவிட்டது. தாளில் இல்லாத பெயரை வாசிப்பதில்லை. ஆகவே அவருடைய மனைவி அந்தப் பென்சிலை ஒரு முழு வருடம் அலுமாரியில் வைத்திருந்து, அடுத்த பூசைக்குத்தான் கொண்டுவந்தார். அவர் பென்சிலை வைத்துவிட்டு வாங்குக்குத் திரும்பியதை அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முற்றத்தில், ரோல்ஸைக் கடித்தபடி, எல்லோர் முன்னிலும் என்னிடம் சொன்னார்:

"டேய், நான் போறப்ப ஒன் லிஸ்ட் மூடுறதுக்கு முந்தியே சொல்லிட்டுப் போறேன். ஒங்க அண்ணியைப் பென்சிலோட ஒரு வருஷம் ஒக்கார வச்சிராத."

"அஞ்சு மணிக்கு முன்னுக்குச் சொல்லுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

போன வருடம் பூசை வாரத்தின் புதன்கிழமை, அம்பிட்டியவில் ஒரு வீட்டுப் பென்ட்ரியில் கதவு பொருத்திக்கொண்டிருந்த அண்ணன் சரிந்து விழுந்தார். மூளையில் இரத்தக் கசிவு. வெள்ளிக்கிழமை மறுபடியும் கசிந்தது. சனிக்கிழமை பகல் 12.15க்கு டொக்டர் என்னையும் அண்ணியையும் நடைபாதைக்குக் கூப்பிட்டு, இன்றிரவைத் தாண்டுவது கஷ்டம், தெரியவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். நிதானமாக, மரியாதையாகத்தான் சொன்னார். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணனின் உடுப்புகள் ஒரு பொலித்தீன் பையில் அண்ணியின் கையில் இருந்தன. சட்டைப் பையில் பென்சில் அப்படியே இருந்தது.

"அண்ணி, அந்தப் பென்சிலைத் தாங்க."

"எதுக்கு தம்பி?"

"வேணும். எங்கிட்ட இருக்கட்டும்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. எடுத்துத் தந்தார்.

நான் கணக்குப் போட்டேன். பட்டியல் ஐந்து மணிக்கு மூடும். பெயர்கள் வாசிக்கப்படுவது மறுநாள் பத்து மணிக்கு மேல். டொக்டர் சொன்னபடி இரண்டுக்கும் இடையில் அண்ணன் போய்விடுவார். நடக்கப்போவதை நடந்ததாக எழுதினேன். இத்தனை வருடங்களில் நான் எழுதிய எந்தப் பதிவிலும் அப்படிச் செய்ததில்லை. கொமியூனிகேஷன் கடையில் தட்டச்சு செய்த பெண் நாலாவது பெயரைக் கேட்டாள். சொன்னேன். அச்செழுத்தில் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

ஞாயிறு காலை 8.40க்கு அண்ணிக்கு அழைத்தேன்.

"அப்படியேதான் இருக்காரு. மூச்சு இழுக்குது. நீங்க கோயிலுக்குப் போயிட்டு வாங்க, நான் இருக்கேன்."

கோவில் வாசலில் தலைவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார். அவர் அண்ணனோடு ஒன்றாகத் தொழில் பழகியவர்.

"என்ன கிளாக்கரே, பாஸ் போயிட்டாரா?"

"இன்னும் ஃபோன் வரல. டொக்டர் ராத்திரியைத் தாண்டாதுன்னாரு."

அவர் தாளையும் என்னையும் பார்த்தார். "அப்ப இந்தப் பேரு…" என்று தொடங்கினார். அதற்குள் மூலைமட்டம் உள்ளே நுழைந்துவிட்டது. அவர் கட்டைக்குப் பின்னால் நடக்க வேண்டியவர். நடந்தார்.

ஃபோனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டேன். பென்சிலும் அதே பையில் இருந்தது. பூசை தொடங்கியபோது 9.32. பிரசங்கம் தொடங்கியபோது 9.51. இவை இரண்டையும் தாளின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு எதையும் எழுதவில்லை.

என் முறை வந்ததும் எழும்பிப் போனேன். முதல் பெயர், அடி, பென்சில். இரண்டாவது, மூன்றாவது. நான்காவது பெயருக்கு வந்தபோது விட்டுவிடலாம் என்று தெரிந்திருந்தது. எல்லோருடைய கையிலும் தாள் இருந்தது. தலைவர் கொட்டாப்புளியைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். வாசித்தேன். அடி விழுந்தது. பிறகு நானே பீடத்துக்கு நடந்துபோய்ப் பென்சிலைத் தட்டில் வைத்தேன். அதுவரை எந்தப் பூசையிலும் பெயர் வாசித்துத் திரும்பும்போது நான் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்ததில்லை. அன்று பார்க்கவில்லை.

பூசை முடிந்து, நடுப்பாதையின் மரச்சுருளை அள்ளிவிட்டுக் கடைசியாக வெளியே வந்ததும் நானா கதிரையிலிருந்து எழும்பி வந்தார்.

"தம்பி, எப்ப மௌத்து? எனக்கு ஒரு வார்த்த செல்லலியே."

நான் ஃபோனைத் திறந்தேன். அணைத்திருந்தபோது வந்த அழைப்புகளின் செய்தி விழுந்தது: அண்ணி, 10.41, 10.43, 10.48. திருப்பி எடுத்தேன். அண்ணி சொன்னதைக் கேட்டேன். ஃபோனை வைத்துவிட்டு நானாவிடம் "இப்ப" என்றேன்.

"இப்பவா? பேரு வாசிச்சது?"

முற்றத்தில் சீவுளிப் போட்டி ஆரம்பமாகிவிட்டது, யாரோ யாரையோ கிண்டல் செய்தார்கள். தலைவர் ஓடிப்போய் நிறுத்தினார்.

ஆஸ்பத்திரிப் பத்திரத்தில் 10.25 என்று இருக்கிறது. அது டொக்டர் வந்து பார்த்து உறுதிசெய்த நேரம். மூச்சு நின்ற நேரம் அதற்கு முன். எவ்வளவு முன் என்று தெரியாது. அண்ணி தண்ணீர்ப் போத்தல் வாங்க வெளிவாசல் கடைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்து சில நாட்களில் அண்ணி வீட்டை ஒதுக்கும்போது பூசைத்தாள் அகப்பட்டிருக்கிறது. யாரோ மரண வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுப்போனது. கடைசிப் பக்கத்தில் அச்சான தேதி உண்டு. அந்தத் தேதியைப் போட்டதும் நான்தான். மாலையில் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"இது சனிக்கிழமை அடிச்சதா?"

"ஆமா அண்ணி."

"அதுக்குத்தான் பென்சிலைக் கேட்டீங்களா?"

"ஆமா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே தம்பி. நானே தந்திருப்பேனே. தெரிஞ்சே தந்திருப்பேன்." தாளை மடித்தார். "அவரு போறப்ப ஒருத்தரும் பக்கத்துல இல்ல. நான் கடையில. நீங்க கோயில்ல அவரு பேரை வாசிக்கிறீங்க. நீங்க வாசிச்சப்ப அவரு இருந்தாரா, இல்லியா?"

தெரியாது என்றேன். அவர் போய்விட்டார். அதன் பிறகு மாதக்கணக்காக அதைப் பற்றிப் பேசவில்லை. தீபாவளிக்குப் பலகாரம்கூட அனுப்பினார்.

இந்த வருடம் தைப்பொங்கல் கழிந்த வாரம் அண்ணி மறுபடி வந்தார். இம்முறை உட்கார்ந்தார்.

"இந்த வருஷம் அவரு பேரை வாசிங்க."

"ஒரு தடவைதான் அண்ணி வாசிப்பாங்க. வழக்கம் அது."

"போன வருஷம் உசுரோட கெடந்த ஆளுக்கு வாசிச்சீங்க. இந்த வருஷம் செத்த ஆளுக்கு வாசிங்க. அவருக்குன்னு ஒரு அடி விழணும்."

இதை நான் செயற்குழுவில் வைத்தேன். ஏழு பேர் இருந்தோம். கடைசியில் முடிவான வாசகம் புத்தகத்தில் இருக்கிறது: பெயர் வாசிக்கப்பட்ட வேளையில் அங்கத்தவர் உயிருடன் இருந்தார் என்று தெரியவந்தால் முந்திய அடி செல்லாது, மீண்டும் வாசிக்கலாம். இல்லாவிட்டால் ஓர் ஆளுக்கு இரண்டு பள்ளம் கிடையாது. நேரத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு செயலாளருக்கு. அதையும் நானே எழுதினேன்.

முதலில் ஃபாதரிடம் போனேன். அன்று அவருக்குக் கலஹாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இன்னொரு பூசை இருந்ததாம். பத்தரைக்கெல்லாம் வேனில் ஏறிவிட்டேன், பிரசங்கத்தையும் சுருக்கினேன் என்றார். அப்படியானால் பெயர்கள் 10.15 அளவில் வாசிக்கப்பட்டிருக்க வேண்டும். தலைவரிடம் கேட்டேன்.

"ஃபாதரு பத்தரைக்கு ஏறுனாரா? நல்லாச் சொன்னாரு. அவரு வேன்ல ஏறுறப்ப நான் ரெண்டாவது தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தேன். பத்தே முக்கா இருக்கும்."

அது சரியானால் பெயர்கள் பத்தரைக்குப் பக்கத்தில். அதற்குள் டொக்டர் வந்து போயிருப்பார்.

நானா அன்று வாசலில் இருந்தபடி ஃபோனில் படம் பிடித்தது நினைவுக்கு வந்தது.

"புடிச்சேன்தான் தம்பி. ஆனா அந்த ஃபோன் தண்ணில உழுந்து போயிட்டுதே. மகனுக்கு அனுப்பினதுதான் ஈக்கிது."

மகனுடைய ஃபோனில் பார்த்தேன். மூன்று நிமிடம். என் முதுகு தெரிகிறது, அடிகள் கேட்கின்றன. நான்காவது அடிக்கு முன் ஓர் இடைவெளி இருக்கிறது. எனக்கு அது கண்சிமிட்டும் நேரமாகத்தான் தோன்றியிருந்தது. படத்தில் எண்ணிப் பார்த்தேன், பதினொரு விநாடி. பீடத்துக்குப் பக்கச் சுவரில் ஒரு மணிக்கூடும் தெரிகிறது, அது பல வருடங்களாக ஆறு பத்தில் நிற்பது. படம் எடுத்த நேரம் அதில் பதியப்படவில்லை. மகனுக்கு வந்து சேர்ந்த நேரம் மட்டும் இருக்கிறது: 11.02.

"ஒங்கட நானா நல்ல மனிசன்" என்றார் முதலாளி, என் அண்ணனைக் குறித்து. "நீங்க ஏன் இத கிண்டுறீங்க?"

"அண்ணி கேக்குறாங்க."

"அப்ப கிண்டத்தான் வேணும்."

போன மாதக் கடைசியில் தலைவர் மரக்காலைக்கே வந்தார். பலகை பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சொன்னார்:

"கிளாக்கரே, பத்து மணிக்கு வாசிச்சோம்னு எழுதிருங்களேன். நானும் கையெழுத்துப் போடுறேன். அந்தம்மாவுக்காக இன்னொரு அடி அடிச்சிட்டுப் போவோம். யாரு வந்து கேக்கப் போறா?"

அவருக்கும் அது பாரமாக இருந்திருக்க வேண்டும். கொட்டாப்புளி அவர் கையில் இருந்தது. பத்து மணி என்று எழுதினால் அண்ணி கேட்டது நடக்கும். பத்தரைக்கு மேல் என்று எழுதினால், இறந்தவரின் பெயரைத்தான் வாசித்தேன் என்றாகும், எனக்கு நல்லது. பிரசங்கமே 9.51க்குத்தான் தொடங்கியது, இரண்டுக்கும் என்னிடம் ஆதாரமில்லை. முடியாது என்றேன். அவர் ஒரு பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இதை அண்ணியிடம் நேரில் போய்ச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார்.

"இந்தக் கவனம் அன்னிக்கு இருந்திருக்கலாம் தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை. அரிசித் தண்ணீரை வடித்துவிட்டு, "ஒரு ஆளு இருக்காரு" என்றார்.

அடுத்த கட்டிலில் தன் தகப்பனுக்குத் துணையாக நின்ற ஒரு மனிதர். அண்ணி கடையிலிருந்து திரும்பி வந்தபோது அவர்தான் சொன்னாராம்: வார்ட்டுக்குத் தேத்தண்ணி வண்டி வந்து போன பிறகு அண்ணன் ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்தார், பிறகு மூடிக்கொண்டார் என்று. அவருடைய எண் அண்ணியின் ஃபோனில் "பக்கத்துக் கட்டில்" என்ற பெயரில் இருந்தது. வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று அவருக்கு நினைவிருந்தால் ஓர் எல்லையாவது கிடைக்கும். வார்ட்டில் விசாரித்தேன். "பத்துக்கு வரும், பத்தரைக்கும் வரும், ஞாயித்துக்கெழமைன்னா சொல்ல ஏலாது" என்றார் ஒரு சிற்றூழியர்.

அந்த எண்ணுக்கு இதுவரை ஒன்பது தடவை அழைத்திருக்கிறேன், வேறு வேறு கிழமைகளில், வேறு வேறு நேரங்களில். மணி அடிக்கிறது. யாரும் எடுப்பதில்லை. செய்தியும் அனுப்பியிருக்கிறேன்.

இன்று சனிக்கிழமை. இந்த வருடப் பூசைத்தாளை மாலை 4.35க்கு அச்சுக்குக் கொடுத்தேன். அண்ணனின் பெயர் அதில் இல்லை. அண்ணிக்கு அழைத்துச் சொன்னேன். "சரி" என்றார். நாளைக்கு வருவீர்களா என்று கேட்டேன். அவர் ஃபோனை வைத்துவிட்டார், நான் மறுபடி அழைக்கவில்லை.

அண்ணன் இறந்த நேரம், பத்திரத்தின்படி, காலை 10.25. அவருடைய பெயர் வாசிக்கப்பட்ட நேரம் 10.15க்கும் 10.35க்கும் இடையில். வாசித்தபோது அவர் உயிரோடு இருந்தாரா என்பது இதை எழுதும்வரை உறுதிசெய்யப்படவில்லை.